கூத்து ஆடிச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறோம்: வானொலியில் அதை எப்படிச் சொல்வது?

வாவிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் படிக்கிறேன், ஊர் கல்லடி. உள்ளகப் பயிற்சிக்காக ஒரு தமிழ் வானொலியின் மேம்பாட்டுப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். கலையகம் கொழும்பில் இருக்கிறது. மட்டக்களப்பில் இருப்பது இரண்டு மேசை, ஒரு வான், ஒரு கூடாரம், தொப்பியும் சாவிக்கோர்வையும் நிரம்பிய பரிசுப் பெட்டிகள். கடைத் திறப்பு விழாக்களில் பதாகை கட்டுகிறேன், பரிசு வாங்குபவரைப் படம் எடுக்கிறேன், எந்த விளம்பரம் எத்தனை மணிக்குப் போனது என்ற பட்டியலை விளம்பரதாரருக்கு அனுப்புகிறேன்.

இப்போதுதான் ஒரு வேலை முழுதாக என் கைக்கு வந்திருக்கிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் நகரில் வடமோடி என்ற வகைக் கூத்தை ஆடிப் பணம் சேர்க்கப் போகிறது. வயல்வெளிக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்குவதற்காக. எங்கள் நிலையம் ஊடக அனுசரணை. அதாவது காசு கிடையாது, ஒலிபரப்பு நேரம் உண்டு. அதுவும் காசு கொடுத்தவர்களின் விளம்பரம் போக மிஞ்சுகிற நேரம். 30 வினாடி அறிவித்தலை எழுதுவது, முகநூல் பக்கம், கடைகளில் அனுசரணை கேட்பது எல்லாம் என் பொறுப்பு.

இரண்டு இடத்தில் சிக்கி நிற்கிறேன். கூத்துக்கு டிக்கெட் போடலாமா? சங்கத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. அடுத்தது, காலை நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சைக்கிள் பெறப்போகும் ஒரு பிள்ளையைத் தொலைபேசியில் பேசவைக்கச் சொல்கிறார். "பிள்ளை அழுதால் இன்னும் நல்லது" என்று சிரிக்காமல் சொன்னார். அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டியவள் நான்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சி

கூடாரத்தை மடித்து அது வந்த பைக்குள்ளேயே திரும்பப் போடத் தெரிந்துவிட்டால் மேம்பாட்டுப் பிரிவில் பாதிப் பயிற்சி முடிந்தது, தங்கச்சி. மீதியை மற்றவர்கள் சொல்வார்கள்.

பழைய அறிவிப்பாளன்

மகள், பிள்ளை விடயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அறிவித்தல்.

இலங்கைத் தமிழ் வானொலியில் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது எதை என்று நினைக்கிறாய்? 1950 இல் வர்த்தக சேவை தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ இனிய குரல்கள் சவர்க்காரமும் தேயிலையும் விற்றிருக்கின்றன. அந்த நேரத்தில் வீட்டில் ஆளுக்கு ஆள் கதைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். மரண அறிவித்தல் தொடங்கியதும் வீடு அடங்கிவிடும். அடுப்படியில் நின்ற அம்மா கரண்டியோடு முன்னுக்கு வந்துவிடுவார். ஏனென்றால் அதில் ஒரு சொல்லும் வீண் கிடையாது. எந்த ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், யாருடைய துணைவர், யாருக்குத் தகப்பன், எத்தனை மணிக்குக் கிரியை, எந்த மயானம். கேட்டு முடித்தவர் வேறு யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை, பஸ் ஏறிவிடலாம். மாபெரும், பிரமாண்டமான, அணிதிரண்டு என்ற சொற்களை அதில் யாராவது கேட்டதுண்டா?

உன் கூத்து அறிவித்தலையும் அந்த ஒழுங்கில் எழுது. நிதானமாக வாசித்தால் 30 வினாடிக்குத் தமிழில் நாற்பத்தைந்து, ஐம்பது சொல்தான். அதற்கு மேல் திணித்தால் அறிவிப்பாளர் ஓட ஆரம்பிப்பார். ஓடும் குரலை யாரும் நம்புவதில்லை. தொலைபேசி இலக்கம் கொடுப்பதென்றால் இரண்டு தடவை, இரண்டிரண்டு இலக்கமாக. இடத்துக்கு முகவரி சொல்லாதே, அடையாளம் சொல்.

நேரமும் முக்கியம். மிஞ்சிய நேரத்தில் நாள் முழுக்கத் தூவி விடுவார்கள். விடாதே. காலைச் செய்திக்கு முன்பும், பின்னேரம் கல்முனை வீதியில் பஸ்கள் நிரம்புகிற வேளையிலும் போடச் சொல்லிக் கெஞ்சு. ஒரே ஆள் ஒரே அறிவித்தலைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் நாள் மனதில் நிற்கும். நூறு பேர் ஒவ்வொரு தடவை கேட்டுப் பயனில்லை.

கொழும்பு விளம்பரக்காரன்

ஐயா சொன்ன மரண அறிவித்தல் கதை அருமை. ஆனால் மரண வீட்டுக்குச் சனம் கடமைக்குப் போகிறது. கூத்துக்கும் உண்டியலுக்கும் அந்தக் கடமை இல்லை.

நான் பிறந்தது செங்கலடி, வேலை கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில். எங்கள் தொழிலில் இது பாலபாடம்: முகம் இல்லாத துயரத்துக்கு யாரும் பணப்பையைத் திறப்பதில்லை. "வசதி குறைந்த மாணவர்கள்" என்றால் காதைக் கடந்து போய்விடும். "எட்டாம் ஆண்டில் படிக்கிறாள், இருட்டோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறாள்" என்றால் சாரதி வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். தயாரிப்பாளர் சொன்ன முறை அருவருப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்பது இல்லாமல் உங்களுக்குச் சைக்கிள் வராது. ஒரு குரல் வேண்டும்.

படுவான்கரை வாத்தியார்

தம்பி, குரல் வேண்டும் என்கிறீர்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி அடுத்த நாள் காலை என் வகுப்புக்கு வரவேண்டும். வானொலியில் அழுத பிள்ளை என்ற பட்டம் அவள் சாதாரணதரம் எழுதி முடிக்கும்வரை போகாது. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பட்டம் வைக்க யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் அல்ல. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கல்லடியிலும் நாவலடியிலும் ஒரு அரிசிப் பையை வாங்குவதற்கு எத்தனை கமராவுக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது என்பதை நின்றவர்கள் மறக்கவில்லை. பையை நெஞ்சோடு பிடிக்கச் சொல்வார்கள். பின்னால் பதாகை மறைக்கிறது, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள் என்பார்கள். என் மாமி ஒருவர் அந்தப் படங்களுக்குப் பயந்தே ஒரு கட்டத்துக்குப் பிறகு வரிசைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

வாவிக்கரைத் தங்கச்சிக்கு நடைமுறையாக இரண்டு விடயம். நகரில் ஆடினால் எங்கள் பக்கத்துச் சனம் எப்படித் திரும்பிப் போகும்? மண்முனைக்கு 2014 இல் பாலம் வந்துவிட்டது. வவுணதீவுப் பக்கத்தாருக்கு வலையிறவுப் பாலம் இருக்கிறது. மண்டூர்க்காரர் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏற வேண்டும். அந்தப் பாதை உங்கள் கூத்து முடியும்வரை காத்துக் கிடக்காது. தங்கள் பிள்ளைகளுக்காக நடக்கும் கூத்தைப் பெற்றோரே பார்க்க முடியாமல் போகக்கூடாது. ஒரு பஸ்ஸுக்கு அனுசரணை தேடுங்கள்.

இன்னொன்று, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வையுங்கள். அப்போது காசு இல்லாத வீட்டிலும் நெல் இருக்கும். நெல்லாகத் தந்தாலும் வாங்குவோம் என்று அறிவித்தலிலேயே சொல்லுங்கள். மூடையை ஏற்ற ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நான் ஒழுங்கு செய்கிறேன்.

காத்தான்குடிக் கடைக்காரன்

அனுசரணை கேட்டுக் கடைக்கு வருபவர்கள் பதாகையில் என் கடைப் பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்று காட்டுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் பதாகையைப் பார்ப்பதில்லை. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரிலா, ஒரு ஆளின் பெயரிலா என்று கேட்பேன். இரண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்க முடியும் என்றால் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் தொடரிலக்கம் அச்சடித்திருந்தால் தேநீரும் வரும்.

கொடுத்தவர் பெயரை வானொலியில் வாசிப்பதைப் பலர் விரும்புவார்கள், வாசியுங்கள். என் பெயர் வேண்டாம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் பற்றுச்சீட்டு கட்டாயம் வேண்டும். அது அல்லாஹ்வுக்கு இல்லை, என் கணக்குப்பிள்ளைக்கு.

நாள் குறிக்கும்போது பிறையையும் பாருங்கள். இந்த ஆண்டுகளில் நோன்பு மாசி, பங்குனியை ஒட்டித்தான் வருகிறது. வாத்தியார் சொல்லும் அறுவடையும் அதே காலம். நோன்பு மாதத்தில் மாலை ஆறரைக்கு வைத்தீர்களென்றால் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் ஒருவரும் வரமாட்டார்.

கடைசியாக ஒன்று. கூத்து முடிந்த பிறகு எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்று உங்கள் வானொலி சொல்லுமா? காசு கேட்கும் குரல்கள் எனக்கு நன்றாகத் தெரியும். கணக்குச் சொல்ல வந்த குரலை நான் இன்னும் கேட்கவில்லை.

கொழும்பு விளம்பரக்காரன்

நானா, அந்தக் கடைசிப் பந்தியை அச்சடித்து எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டலாம். ஒட்டினால் என் வேலை போய்விடும்.

அண்ணாவி மகன்

வட்டக்களரிக்கு வாசல் ஏது, டிக்கெட் கிழிப்பதற்கு? நாலு பக்கமும் சனம், நடுவில் ஆட்டம். சுற்றிவரத் தகரம் அடித்து ஒரு ஓட்டை விட்டு அதில் காசு வாங்கினால் அது கூத்து இல்லை, சர்க்கஸ்.

எங்கள் ஊரில் சட்டம் (ஆட்டக்காரர் அவரவர் பாட்டு எழுதிய ஏடு) கொடுத்த நாளிலிருந்து சதங்கை அணி, அடுக்குப் பார்க்கும் ஒத்திகை, அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் ஊர்தான் செலவழிக்கிறது. பார்க்க வந்தவரிடம் காசு கேட்டதில்லை. ஆனால் காசு சேர்க்கும் வழி கூத்துக்குள்ளேயே இருக்கிறது, யாரும் யோசிக்கவில்லை. அரங்கேற்றம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு போய் ஆடுவோம். வீட்டுக்காரர் மனமுவந்து கொடுப்பார். அதில் பிச்சையும் இல்லை, அழுகையும் இல்லை. ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்.

அதை நகரில் செய்யுங்கள். ராச உடுப்போடு இரண்டு பேர், மத்தளம், சல்லரி, பிற்பாட்டுக்கு இரண்டு பேர், பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு சங்கத்துப் பொருளாளர். ஒரு வளவில் ஐந்து நிமிடம் போதும். எந்த வீதிக்கு எத்தனை மணிக்கு வருகிறோம் என்பதை முதல்நாளே வானொலி சொல்லட்டும். நாளை பின்னேரம் ஆரையம்பதிக்கு ராசா வருகிறார் என்று சொன்னால் எந்தப் பிள்ளையாவது வீட்டுக்குள் இருக்குமா?

விடிய விடிய ஆடும் கூத்தை மூன்று மணித்தியாலத்துக்குச் சுருக்குவது பற்றி, கூத்துப் பழக்கும் அண்ணாவியான அப்பாவிடம் நான் கேட்க மாட்டேன். நீங்களே கேளுங்கள்.

கச்சேரி எழுதுவினைஞன்

சுருக்காமல் முடியாது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். 2007 உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அந்த அனுமதியைப் பெறுவது லேசான காரியம் இல்லை. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் பகலிலும் இறுக்கம்.

டிக்கெட் போடுவதாக இருந்தால் 1946 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கேளிக்கை வரிக் கட்டளைச் சட்டத்தோடு மாநகர சபைக்குப் போக வேண்டும். தருமத்துக்கு என்று விலக்குக் கேட்கலாம். ஆனால் எழுதிக் கேட்டால்தான். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று சங்கத்திடம் கேளுங்கள். அதிபரின் கடிதமும் கையில் இருக்கட்டும். அனுசரணை கேட்டு முதல் கடைக்குள் கால் வைப்பதற்கு முன் இவை கோப்பில் இருந்தால் நானாவின் தேநீர் நிச்சயம்.

வாவிக்கரை

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட் விடயம் முடிந்தது. சங்கத்தில் இரண்டு கட்சியும் அண்ணாவி மகனின் பதிவை வாசித்துவிட்டு ஒரு கட்சியாகிவிட்டன. அண்ணாவியாரிடம் நானே போய்க் கேட்டேன். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "வரவும் போரும் வைக்கிறேன், மற்றதை ஊரில் வந்து பார்க்கச் சொல்" என்றார். வரவு என்றால் பாத்திரங்கள் களரிக்குள் வரும் ஆட்டம்.

நிலையத்திலிருந்து எனக்கு அனுப்பிய மாதிரி அறிவித்தல் இது: "வறுமையின் கோரப் பிடியில் சிக்கித் தவிக்கும் பிஞ்சு உள்ளங்களின் கல்விக் கனவை நனவாக்க, மட்டு மாநகரில் மாபெரும் கலை இரவு! அணிதிரண்டு வாரீர்!" எந்தப் பூங்கா, எத்தனை மணி, எதற்குப் பணம் என்று ஒன்றும் இல்லை.

ஐயா சொன்ன ஒழுங்கில் நான் எழுதியது:

"படுவான்கரையில் பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்குவதற்காக ஒரு வடமோடிக் கூத்து. வருகிற சனிக்கிழமை, மட்டக்களப்பு காந்திப் பூங்காவில், வாவிப் பக்கம். மாலை ஆறரைக்கு மத்தளம் தொடங்கும். இரவு பத்து மணிக்குள் முடியும். டிக்கெட் இல்லை. விரும்பியதைக் கொடுங்கள், பற்றுச்சீட்டு தருவோம். நெல்லாகவும் கொடுக்கலாம். படுவான்கரைக்குத் திரும்பிப் போகப் பஸ் நிற்கும். சேர்ந்த தொகையை அடுத்த சனிக்கிழமை காலை இதே வானொலியில் சொல்வோம்."

கடைசி வசனத்துக்கு நிலையம் இன்னும் சம்மதிக்கவில்லை. பிள்ளையைப் பேசவைக்க மாட்டேன் என்று தயாரிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் எனக்கு என்ன தருகிறாய்?" என்று கேட்டார். அதற்குத்தான் பதில் இல்லை.

பழைய அறிவிப்பாளன்

நன்றாக இருக்கிறது. "ஒரு" வேண்டாம், வெட்டு. "வாவிப் பக்கம்" இருக்கட்டும், பூங்காவுக்குள் தேடி அலைய மாட்டார்கள். "மாலை ஆறரைக்கு மத்தளம் தொடங்கும்" என்ற இடத்தில் பின்னணியில் இரண்டு அடி மத்தளம் விழட்டும். அதற்கு மேல் இசை வேண்டாம். கடைசி வசனத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதே. மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

கொழும்பு விளம்பரக்காரன்

குரல் வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் வாத்தியார் சொன்னதைக் கேட்ட பிறகு பிள்ளையின் குரலாக இருக்கத் தேவையில்லை என்று படுகிறது. அந்தத் தெருவை நாள்தோறும் பார்க்கிற வேறு யார்? பஸ் நடத்துநர். பிள்ளைகள் நடந்து போவதை யன்னலால் பார்ப்பவர். எந்தப் பிள்ளையின் பெயரும் சொல்லாமல் அவர் கண்டதை மட்டும் சொல்லட்டும். கலையகத்துக்குக் கூப்பிடாதீர்கள், பஸ்ஸுக்குள்ளேயே, இரைச்சலோடு பதிவு செய்யுங்கள். தயாரிப்பாளருக்கு அது பிடிக்கும், நான் எழுதித் தருகிறேன்.

களுவாஞ்சி

நடத்துநரை அழச் சொல்லாதீர்கள். மிச்சக் காசு கேட்டால்தான் அவர்கள் அழுவார்கள்.

வாவிக்கரை

கூத்து முடிந்துவிட்டது. பலர் தனிமடலில் கேட்டதால் நடந்ததைச் சொல்கிறேன்.

நடத்துநர் யோசனை வேலை செய்தது. கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். பாதி வசனங்களை ஒலிப்பான் விழுங்கிவிட்டது. மிஞ்சியதில் ஒன்று தயாரிப்பாளருக்கே பிடித்துப்போய், ஒரு கிழமை காலை நிகழ்ச்சியில் போட்டார்: "மழை நாளில் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடப்பார்கள். காசு வேண்டாம், ஏறுங்கள் என்று நிறுத்துவேன். சந்தியில் பஸ் திரும்பிவிடும், பிறகும் நடக்கத்தான் வேண்டும்." அதைக் கேட்டு ஆரையம்பதியிலிருந்து ஒருவர் அழைத்து, அந்தச் சந்தி எது என்று கேட்டார். அவர் ஒரு சைக்கிள் கொடுத்தார்.

அறிவித்தல் நேரத்தில் எனக்குத் தோல்விதான். காசு கொடுத்தவர்கள் காலையை நிரப்பிவிட்டார்கள். எங்களுடையது பெரும்பாலும் மத்தியானம், சனம் கண்ணயரும் நேரத்தில் போனது. பட்டியலை அனுப்புகிறவள் நான்தான் என்பதால் எல்லாம் கண்ணால் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வீடு போகும் வீதிகளைக் காலை அறிவிப்பாளர் தானாகவே, பாட்டுக்கு நடுவில், இரண்டு வசனத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அது எந்தப் பட்டியலிலும் இல்லாத நேரம். பூங்காவில் சேர்ந்ததைவிட வளவுகளில் சேர்ந்தது அதிகம். ஒரு வீட்டில் ராசாவின் முடி மாமரக் கொப்பில் சிக்கிக்கொண்டது; அந்தக் காணொளியை முகநூலில் போட்டேன், என்னுடைய எந்தப் பதிவுக்கும் இல்லாத கூட்டம் அதற்கு.

பூங்காவில் முன்வரிசை முழுக்கப் படுவான்கரைச் சனம். பஸ்ஸுக்கு டீசல் யார் போட்டது என்று எனக்குத் தெரியும், அவர் பெயர் சொல்லக் கூடாது என்று இந்த இழையிலேயே எழுதியிருக்கிறார்.

கணக்கு: "இதில் கேட்பதற்கு என்ன சுவை இருக்கிறது?" என்றார்கள். பழைய ஐயா சொன்னதைச் சொன்னேன், நானா சொன்னதையும் சொன்னேன். இரண்டும் எடுபடவில்லை. கடைசியில், கணக்கைச் சொன்னால் அடுத்த முறை அனுசரணை கேட்பது லேசாகும் என்று சொன்னேன், அது எடுபட்டது. சனிக்கிழமை காலை நாற்பது வினாடி கொடுத்தார்கள். சேர்ந்த தொகை, நெல் விற்ற தொகை, கடைக்குக் கொடுத்தது, கையில் மிச்சம், பற்றுச்சீட்டின் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும். வாசித்தது அறிவிப்பாளர் இல்லை, சங்கத்துப் பொருளாளர். குரல் நடுங்கியது. ஒலிபரப்பாகி முடிவதற்குள் என் தொலைபேசிக்கு மூன்று கடைக்காரர் அழைத்துவிட்டார்கள்.

சேர்ந்த பணம் பட்டியலில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் போதவில்லை. தூரத்தை வைத்து, அதிகம் நடப்பவருக்கு முதலில் என்று வாத்தியார் பிரித்தார். சைக்கிள்களைப் பாடசாலையில் வைத்து, படமெடுக்காமல் கொடுத்தார்கள். நிலையத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று நின்றார்கள். வரிசையாக நிறுத்திய சைக்கிள்களை மட்டும் எடுத்து அனுப்பினேன்.

கச்சேரி எழுதுவினைஞன்

நல்ல காரியம். ஒரு சந்தேகம். சைக்கிள் வீட்டுக்குப் போன பிறகு தகப்பன் வயலுக்கு ஓட்டிக்கொண்டு போகமாட்டாரா? முன்பு ஒரு திட்டத்தில் கொடுத்த சைக்கிள்களை மீன் பெட்டி கட்டியபடி சந்தையில் பார்த்திருக்கிறேன்.

படுவான்கரை வாத்தியார்

ஓட்டுவார். காலை ஏழரைக்குப் பிள்ளை பாடசாலையில் நின்றால் எனக்குப் போதும். பின்னேரம் அதே சைக்கிளில் தகப்பன் களைக்குப் போனால் அந்த வீட்டுக்கு அதுவும் உதவிதான். அது நடக்கிறதா என்று வரவுப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேறு கவலை. ரியூப் வெடித்தால் ஒட்டுவதற்கு எங்கள் பக்கம் ஆள் இல்லை. பாடசாலையில் ஒரு காற்றுப் பம்பும் ஒட்டும் சாமானும் வேண்டும். கையில் இருக்கும் மிச்சக் காசை அதற்கு எடுக்கலாமா, சங்கத்தைக் கேட்டுச் சொல்லுங்கள் தங்கச்சி.

காத்தான்குடிக் கடைக்காரன்

மிச்சக் காசைத் தொடவேண்டாம், அது அடுத்த சைக்கிளுக்கு இருக்கட்டும். பம்பும் ஒட்டும் சாமானும் என் கடையில் இருக்கிறது. லேண்ட்மாஸ்டர் இந்தப் பக்கம் வரும்போது ஏற்றி விடுகிறேன். பற்றுச்சீட்டை மறக்க வேண்டாம்.